முந்திரிகைக் குலையும் வெளிவராத ஒரு திருத்தமும்

பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்தவர்களுக்கு அந்தச் சிறிய பெட்டி நன்கு பரிச்சயமானது. உட்பக்கத்தின் அடியில், எவருடைய கண்ணிலும் படாத ஓரிடத்தில், 'திருத்தம்' என்ற தலைப்போடு அது அமர்ந்திருக்கும். "நேற்றைய இதழில் இவ்வாறு தவறுதலாகப் பிரசுரமாகிவிட்டது. தவறுக்கு வருந்துகிறோம்." அவ்வளவுதான். அமைச்சரின் பெயர் மாறியதற்கும், மரண அறிவித்தலில் தகனக்கிரியை நேரம் பிழைத்ததற்கும், கோயில் திருவிழாவின் திகதி முன்பின்னானதற்கும் அத்தகைய பெட்டிகளை என் கையால் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எழுதியிருக்க வேண்டிய ஒன்றை மாத்திரம் எழுதாமல் விட்டேன். அது முந்திரிகைப் பழத்தைப் பற்றியது.

தமிழகத்து வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஒரு சொல் விளக்கம். நீங்கள் திராட்சை என்று சொல்வதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் முந்திரிகை என்போம். நீங்கள் முந்திரி என்று சொல்வது எங்களுக்கு மரமுந்திரிகை. இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் குறிப்பிடுவது கொடியிற் குலைகுலையாகத் தொங்கும் பழத்தையே.

2019 செப்ரெம்பரில் கனடாவிலுள்ள மகளிடம் சென்றிருந்தேன். ஒரு சனிக்கிழமை, ரொறன்ரோவிலிருந்து நயாகராப் பக்கமாக உள்ள முந்திரிகைத் தோட்டமொன்றுக்கு என்னை அழைத்துச் சென்றார்கள். ஒன்ராறியோ ஏரியின் கரையோரமாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை கம்பிகளில் ஏறிய கொடிகள். தோட்டத்தைப் பராமரிக்கும் முதியவர் தமது சட்டைப்பையிலிருந்து விரலளவு தடித்த குழாய் போன்ற கருவியொன்றை எடுத்தார். பழமொன்றைப் பிழிந்து அதன் கண்ணாடி முகத்தில் ஒரு துளி விட்டு, வெயிலை நோக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "பதினேழு. இருபத்திரண்டு வரும்வரை வெட்டமாட்டேன்" என்றார். நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய எத்தனை கிராம் சர்க்கரை என்பதை அந்தக் கருவி காட்டுகிறது. அந்த அளவுக்குப் பிரிக்ஸ் என்று பெயர்.

என் பேரன் கேட்டான்: "இப்பவே வெட்டி வீட்டில் வைத்தால் பழுக்காதா? அம்மா மாங்காயை அரிசிக்குள் வைத்துப் பழுக்க வைக்கிறாவே?"

முதியவர் சிரித்தார். "இது மாங்காய் அல்ல. காம்பை வெட்டிய கணத்தோடு இதன் இனிப்பு நின்றுவிடும். அதன்பிறகு இது வாடலாம், அழுகலாம். இனிக்காது."

எல்லோரும் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார்கள். நான் அவ்விடத்திலேயே நின்றேன். அந்த ஒரு வசனத்தை 1978 ஆம் ஆண்டில் யாராவது ஒருவரிடம் கேட்டு எழுதியிருந்தேனானால், என் அம்மானுடைய ஒரு போகம் தப்பியிருக்கும்.

அம்மானின் பந்தல்

அம்மான் என் தாயாரின் மூத்த சகோதரர். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்துவந்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் முந்திரிகைக்கு மாறினார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து முந்திரிகைக்குத் தென்னிலங்கையில் நல்ல மதிப்பு இருந்தது. பெட்டிகளில் அடுக்கி யாழ்தேவியில் ஏற்றிவிட்டால் அன்றைக்கே கொழும்பு சேர்ந்துவிடும். இஸ்ரேல் புளூ என்று சொல்லப்படும் நீலக் கருமையான இனத்தைத்தான் பலரும் நட்டார்கள். சுண்ணக்கல் அடித்தளத்தின்மேல் படிந்த சிவந்த மண்ணும், ஆண்டின் பெரும்பகுதி காயும் வெயிலும், வேண்டும்போது இறைக்கக் கிணற்று நீரும் அந்தக் கொடிக்கு ஒத்துப்போயின.

குளிர்நாடுகளில் இக்கொடி மாரியில் இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் விழித்து, ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். எங்கள் நாட்டில் அதற்கு உறக்கமில்லை. கத்திரிக்கோலால்தான் காலத்தை உணர்த்த வேண்டும். கொடியைக் கத்தரித்து விட்டால் புதுத் தளிர் வந்து பூத்துக் காய்த்து, மூன்று நான்கு மாதங்களில் அறுவடைக்கு வரும். அம்மான் கத்தரிக்கும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துத் தீர்மானிப்பார். எந்த மாதத்தில் எந்தத் திருவிழா, எப்போது சந்தையில் விலை ஏறும் என்பதெல்லாம் அவருடைய மனக்கணக்கு.

பழம் முற்றியதா என்பதை அறிவதற்கு அவரிடம் கருவி எதுவும் இருக்கவில்லை. குலையின் அடி நுனியில் தொங்கும் பழத்தைப் பிடுங்கி வாயில் போடுவார். குலையின் தோள்பகுதி முந்திப் பழுக்கும், நுனி கடைசியாகத்தான் பழுக்கும். ஆகவே நுனி இனித்தால் குலை முழுவதும் இனிக்கும் என்பது அவருடைய நியாயம். பிறகு விதையைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். அது பச்சையாக இருந்தால் தலையை அசைப்பார். கபில நிறமாகிக் கடித்தால் நொறுங்குமானால் கத்தியை எடுப்பார். அவர் செய்தது சரியான பரிசோதனை என்று பின்னாளில் நூல்களில் வாசித்தேன்.

நான் எழுதியது

1978 இல் நான் பத்திரிகைத் தொழிலில் ஓரளவு பெயரெடுத்த இளைஞன். வாரமலரின் கமத்தொழிற் பக்கத்தை நிரப்பும் பொறுப்பு அப்போது என் தலையில் விழுந்திருந்தது. ஒரு வாரம் வரவேண்டிய கட்டுரை வந்து சேரவில்லை. அச்சுக்குப் போக இரண்டு மணித்தியாலம் இருந்தது. சந்தையில் சந்தித்த பழ வியாபாரி ஒருவர் தேநீர்க் கடையில் சொன்னதை வைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதினேன். வாழைக்குலையைப் புகைபோட்டுப் பழுக்க வைப்பதைப் போல, மாங்காயை வைக்கோலில் பழுக்க வைப்பதைப் போல, நிறம் மாறத் தொடங்கிய முந்திரிகையையும் முன்கூட்டியே வெட்டி வைக்கோற் படுக்கையில் வைத்துப் பழுக்க வைக்கலாம். இதனால் குருவிகளின் சேதத்தையும் மழையின் சேதத்தையும் தவிர்த்து நல்ல விலைக்கு விற்கலாம். இதுதான் அதன் சாரம். சொன்னவர் ஒரு வியாபாரி. அவருக்கு வேண்டியது விரைவிற் சரக்கு. விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டிருக்கலாம். துவிச்சக்கர வண்டியில் அரை மணித்தியாலப் பயணம். நான் போகவில்லை.

அம்மான் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவர்க் கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். நல்லூர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய குலைகள் திருவிழா முடிந்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே முற்றும் நிலையில் இருந்தன. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வாங்கிய கடனின் தவணையும் கழுத்தை நெரித்தது. நுனிப் பழத்தைக் கடித்துப் பார்த்தபோது புளித்திருக்கும். விதையும் பச்சையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் குலைகள் சிவந்து கறுக்கத் தொடங்கியிருந்தன. மாமி தடுத்ததாகவும் அதற்கு அவர், "பேப்பரிலை போட்டிருக்கு. அதுவும் எங்கட பொடியன் எழுதினது. பிழை இராது" என்று சொன்னதாகவும் பின்னர் அறிந்தேன்.

பந்தலின் பெரும்பகுதியை வெட்டி, வீட்டின் உள்ளறையில் வைக்கோல் பரப்பி அடுக்கினார்கள். பத்து நாட்களின் பின் நான் வீட்டுக்குப் போனபோது அந்த அறையின் வாடை தெருப்படலைவரை வந்தது. காம்புகள் காய்ந்து பழுப்பாகியிருந்தன. தொட்டால் பழங்கள் உதிர்ந்தன. சில சுருங்கியிருந்தன, சிலவற்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். வெட்டிய அன்று எவ்வளவு புளித்திருக்குமோ அவ்வளவு புளித்தது.

அம்மான் திண்ணையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையை நகர்த்தி வைத்தார். வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் ஒரு வசனம் சொன்னார்: "முந்திரிகை உன்ரை பேப்பரை வாசிக்கேல்லைத் தம்பி."

அதில் கோபம் இருக்கவில்லை. கோபித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் திருத்தம் போட்டிருக்க வேண்டும். பக்கம் என் கையில்தான் இருந்தது, எவரும் தடுக்கவில்லை. அமைச்சர்களுக்கும் கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் வருந்தத் தெரிந்த எனக்குத் தோட்டக்காரர்களுக்கு வருந்தத் தோன்றவில்லை. சின்னப் பக்கம், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னேன். என் அம்மானைத் தவிர வேறெத்தனை பேர் வைக்கோல் பரப்பினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கலத்துக்குள் நடப்பது

நயாகராவிலிருந்து திரும்பிய பின்னர், ஏன் இனிக்கவில்லை என்பதை முறையாக அறிந்துகொள்ள வேண்டுமென்று தோன்றியது. ஓய்வுபெற்றவனுக்கு நேரம் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். உயிரினங்களின் உடலை ஆக்கும் மிகச் சிறிய அலகைத் தமிழகத்தில் 'செல்' என்கிறார்கள். எங்கள் பாடநூல்கள் 'கலம்' என்று கற்பித்தன. கலம் என்றால் பாத்திரம். முந்திரிகையைப் பொறுத்தவரை அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

முந்திரிகைப் பூ மிகச் சிறியது. அதன் இதழ்கள் உச்சியில் ஒட்டியிருக்கும். பூக்கும்போது அவை விரிவதில்லை, அடியில் பிரிந்து ஒரு தொப்பி கழல்வதைப் போல முழுவதாகக் கழன்று விழும். அந்தச் சிறு பூவின் சூலகத்தில், பின்னாளில் பழச்சதையாகப் போகும் கலங்களின் பெரும்பாலான பிரிவு அதற்கு முன்னரே நடந்து முடிந்திருக்கும். பூப்பதற்கு முன் ஏறக்குறைய 17 தடவை இரட்டிப்பு, பூத்த பின் ஓரிரு தடவை மட்டுமே என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஒன்றைப் பதினேழு தடவை இரட்டித்தால் 131,072. ஆகவே குருமணி அளவான சூலகத்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கலங்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. பூத்துச் சில வாரங்களுள் கலப்பிரிவு ஓய்ந்துவிடுகிறது. அதன்பின் பழம் பருப்பது புதிய கலங்களால் அன்று. இருக்கும் கலங்கள் ஒவ்வொன்றும் பல நூறு மடங்கு பெருப்பதனால்.

எதனால் பெருக்கின்றன? ஒவ்வொரு கலத்துக்குள்ளும் மென்சவ்வால் மூடப்பட்ட ஒரு பை உண்டு. அதற்குப் 'புன்வெற்றிடம்' என்று நாங்கள் படித்த நூல்கள் பெயர் வைத்தன. பெயர்தான் வெற்றிடம். முந்திரிகையின் சதைக் கலத்தில் ஏனைய உறுப்புகளையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஏறத்தாழ முழு இடத்தையும் அடைத்துக்கொண்டிருப்பது இந்தப் பைதான். நாம் கடித்தவுடன் வாயில் நிறையும் சாறு இந்தப் பைகளில் இருந்ததே.

முதற் கட்டத்தில் இப்பைகளில் சேர்வது இனிப்பு அன்று, புளிப்பு. தாட்டாரிக் அமிலம், மாலிக் அமிலம் என இரண்டு முக்கியமானவை. தாட்டாரிக் அமிலம் பழவகைகளில் அரிதாகவே பெருமளவில் காணப்படுவது. நமது சமையலறையிலுள்ள பழப்புளியின் புளிப்புக்கும் அதுவே காரணம். பழப்புளியும் முந்திரிகையும் ஒன்றுக்கொன்று உறவில்லாத தாவரங்கள், ஆனால் புளிப்பில் உறவு. முந்திரிகையில் அந்த அமிலம் விற்றமின் 'சி'யிலிருந்து உண்டாக்கப்படுகிறது. மாலிக் அமிலம் சற்றுத் தாமதித்துச் சேர்ந்து, பழுக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பு உச்சத்தை எட்டும். காய் இக்கட்டத்தில் பச்சை, கல்லைப்போல் வன்மை, வாயில் வைக்க முடியாத புளிப்பு. உள்ளே விதை முற்றாத காலத்தில் குருவிகளைத் தூர நிறுத்தும் காவல் அது.

பிறகு வளர்ச்சி திடீரெனத் தணியும். சில வாரங்களுக்குக் காய் பருக்காது, நிறம் மாறாது. விதை மட்டும் உள்ளே கடினமாகிக்கொண்டிருக்கும். அம்மான் இந்த நாட்களில் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "காய் யோசிக்குது" என்பார். ஆய்வாளர்கள் இதைத் தேக்கக் கட்டம் என்று எழுதுகிறார்கள். அம்மானின் சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது.

யோசனை முடிந்ததும் ஒரு திருப்பம் வரும். பிரெஞ்சு தோட்டக்காரர்கள் அதற்கு வெரேசோன் என்று பெயரிட்டார்கள், உலகம் முழுவதும் அப்பெயரே நிலைத்துவிட்டது. நிறமாற்றம்தான் நமது கண்ணுக்குத் தெரிவது. உண்மையில் முதலில் நிகழ்வது இளகல். கலங்களுக்குள் இருந்த நீரழுத்தம் வீழ்ச்சியடைகிறது, கலச்சுவர்களை இறுகப் பிடித்திருந்த பொருட்கள் தளர்கின்றன. காய் விரலுக்கு மெத்தென்று அமிழும். ஒரே குலையில் இருந்தாலும் எல்லாக் காய்களும் ஒரே நாளில் திரும்புவதில்லை. பக்கத்துப் பக்கத்தில் ஒன்று கல்லாகவும் மற்றொன்று பஞ்சாகவும் இருக்கும். அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோன் இந்தத் திருப்பத்துக்குக் கட்டியம் கூறுபவற்றுள் முக்கியமானது.

இதன்பின் தோலின் கலங்களில் அந்தோசயனின் என்ற நிறப்பொருள் சேரத் தொடங்கும். பெரும்பாலான கறுப்பு முந்திரிகைகளில் நிறம் தோலில் மட்டும்தான், சதை நிறமற்றது. உரித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இந்த நிறத்தை நடத்தும் பரம்பரையலகில் வெளியிலிருந்து ஒரு துண்டு வந்து செருகிக்கொண்டதனால் அது வேலை செய்யாமற் போனதே வெள்ளை முந்திரிகைகள் தோன்றக் காரணம் என்று யப்பானிய ஆய்வாளர்கள் 2004 இல் கண்டறிந்தார்கள். வெள்ளை முந்திரிகை நிறம் மாறாமலே இனிக்கிறது. கறுப்பு முந்திரிகையும் இனிப்பு முழுவதும் சேர்வதற்கு வெகு முன்னரே கறுத்துவிடுகிறது. ஆகவே நிறம் இனிப்புக்குச் சாட்சியன்று. என் கட்டுரையின் முதற் பிழை இங்கே இருந்தது.

இரண்டாம் பிழை இதைவிடப் பெரியது.

இனிப்பு எங்கிருந்து வருகிறது?

வாழையும் மாவும் தமது காய்க்குள்ளேயே மாப்பொருளைச் சேமித்து வைக்கின்றன. மரத்திலிருந்து பிரித்த பிறகும் அந்தச் சேமிப்பு அவற்றின் கையில் இருக்கிறது. முற்றிய காயில் எதிலீன் என்ற வாயு வேலை செய்யத் தொடங்கியதும் நொதியங்கள் மாப்பொருளை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. காய் பெருமூச்சு விடுவதைப் போல அதன் சுவாசமும் திடீரென உயரும். இங்கிலாந்தில் கிட், வெஸ்ட் என்ற இருவர் 1920 களில் அப்பிளில் இதை அளந்து காட்டினார்கள். வாழைக்குலைக்கு நாம் போடும் புகையில் எதிலீன் உண்டு. வைக்கோலில் மாங்காயை மூடும்போது அது விடும் எதிலீன் வெளியே போகாமல் அடைபட்டு நிற்கிறது. பெயர் தெரியாமலே நம் முன்னோர் அந்த வாயுவைக் கையாண்டிருக்கிறார்கள்.

முந்திரிகைக்கு அத்தகைய சேமிப்புக் கிடையாது. அதன் சர்க்கரை முழுவதும் அன்றாடம் இலையிலிருந்து வரவேண்டும். இலையில் ஒளித்தொகுப்பினால் உண்டான சர்க்கரை, 'உரியம்' எனப்படும் இழையத்தின் வழியாகக் காம்பைக் கடந்து பழத்துக்குள் இறங்குகிறது. அங்கே அது குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிளக்கப்பட்டு, முன்பு புளிப்பைத் தாங்கிய அதே பைகளில் நிரப்பப்படுகிறது. வெரேசோனுக்கு முன் மிகச் சொற்பமாயிருந்த சர்க்கரை, அறுவடைக் காலத்தில் சாற்றின் நூற்றுக்கு இருபது பங்கையும் தாண்டும். ஒரு குலையை முறையாகப் பழுக்க வைக்கப் பத்துப் பதினைந்து இலைகளின் உழைப்பு வேண்டுமென்பது தோட்டக்காரர்களின் கணக்கு. அதே வேளையில் மாலிக் அமிலத்தைப் பழம் தன் சுவாசத்துக்கு எரிபொருளாகச் செலவிடுகிறது. வெப்பநாடுகளில் அது விரைந்து எரிந்துவிடும். தாட்டாரிக் அமிலம் பெரும்பாலும் அப்படியே தங்கும்.

இந்த நிலையில் காம்பை வெட்டினால் என்ன நடக்கும்? இலைக்கும் பழத்துக்கும் இடையிலிருந்த ஒரே பாதை அறுந்துபோகிறது. உள்ளே சர்க்கரையாக மாறக்கூடிய மாப்பொருள் இல்லை. எதிலீன் எவ்வளவு சூழ்ந்தாலும் அதற்கு உடைத்துக் கொடுக்க ஒன்றுமில்லை. நாட்செல்ல நீர் ஆவியாகிப் பழம் சுருங்கும்போது, இருக்கும் சர்க்கரை சற்றுச் செறிவடையும். வத்தல் இனிப்பதற்கு அதுவே காரணம். ஆனால் அது முற்றிய பழத்துக்குரிய நன்மை. புளித்த பழம் சுருங்கினால் புளிப்பும் சேர்ந்தே செறியும்.

அம்மானுடைய உள்ளறையில் நடந்தது இதுதான். வைக்கோலின் மீது கிடந்த பல்லாயிரம் பழங்களும் பந்தலில் நின்ற இலைகள் அனுப்பவேண்டிய சர்க்கரைக்காகத் திறந்து வைத்த கலங்களோடு கிடந்தன. இலைகள் வெளியே வெயிலில் வழமைபோல் சர்க்கரை செய்துகொண்டிருந்தன. கொடுப்பதற்குக் குலைகள் இருக்கவில்லை.

அறிவியலும் திருத்திக்கொள்கிறது

வாசித்தவற்றுள் இன்னொரு செய்தி என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. பழத்துக்கு நீரைக் கொண்டுவருவது 'காழ்' எனப்படும் இன்னொரு குழாய்த் தொகுதி. வெரேசோனுக்குப் பின் பழம் பருக்கும்போது இக்குழாய்கள் இழுபட்டு அறுந்துவிடுகின்றன, அதன்பின் பழம் கொடியின் நீரோட்டத்திலிருந்து துண்டிக்கப்படுகிறது என்று நெடுங்காலம் நூல்களில் எழுதிவந்தார்கள். சாயம் ஏற்றிப் பார்த்தபோது அது பழத்துக்குள் ஏறாமையே அதற்கு ஆதாரமாக இருந்தது. 2006 இல் மார்க்கஸ் கெல்லரும் உடன் ஆய்வாளர்களும் வேறுவிதமாகச் சோதித்தார்கள். ஈர்ப்பதற்குரிய விசையைச் செயற்கையாகக் கொடுத்தபோது, பழுத்துக்கொண்டிருக்கும் பழத்துக்குள்ளும் சாயம் ஏறியது. குழாய் அறுந்திருக்கவில்லை, அதனூடாக நீரை இழுக்கும் விசைதான் குறைந்திருந்தது. உரியத்தின் வழியாகச் சர்க்கரையோடு வரும் மேலதிக நீர் இந்தக் குழாய் வழியாகத் திரும்பிக் கொடிக்கே போகவுங்கூடும் என்ற கருத்தும் எழுந்தது.

ஆக, பல்லாண்டு நிலைத்திருந்த கூற்றொன்று திருத்தப்பட்டது. அதைத் திருத்தியவர்கள் ஓர் ஆய்விதழில் பலரறியப் பிரசுரித்தார்கள். முன்பு வேறுவிதமாக எழுதியவர்களுக்கு அதனால் அவமானம் எதுவும் வந்துவிடவில்லை. பிழையைத் திருத்துவது அத்துறையில் அன்றாட வேலை. நான் பார்த்த துறையிலும் அது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

நுனிப் பழம்

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலைவிட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அம்மானும் மாமியும் நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஓர் இரவு முழுவதும் பிடித்ததாம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது பந்தற் கம்பிகள் இருக்கவில்லை. தூண்கள் சாய்ந்து கிடந்தன. நீரின்றிக் கொடிகள் காய்ந்து விறகாகியிருந்தன. எழுபது வயதைத் தாண்டிய மனிதர் எங்கிருந்தோ நான்கு தடிகளைக் கொண்டுவந்து மீண்டும் நட்டார்.

2002 இல் ஏ-9 பாதை திறந்தபோது கொழும்பிலிருந்து அவரைப் பார்க்கப் போனேன். நான்கு கொடிகளும் முற்றத்தை மூடிப் படர்ந்திருந்தன. இருபத்துநான்கு ஆண்டுகளாக மனத்தில் கிடந்ததைச் சொல்லிவிடுவது என்ற எண்ணத்தோடுதான் பயணம் செய்திருந்தேன். "அம்மான், அண்டைக்கு நான் எழுதினது..." என்று தொடங்கினேன். அவர் கேட்டாரோ கேட்கவில்லையோ, கையை உயர்த்திக் குலையொன்றின் நுனிப் பழத்தைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

"கடிச்சுப் பார். வெட்டலாமோ?"

கடித்தேன். நன்றாக இனித்தது. விதையைத் துப்பிப் பார்த்தேன். கபில நிறம்.

"வெட்டலாம் அம்மான்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுக் கத்தியை எடுக்க உள்ளே போனார். நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிட்டது. 2004 இல் அவர் காலமானார். நுனிப் பழத்தை நீட்டி அவர் என்னை மன்னித்தாரா, அல்லது எந்தச் செய்தியையும் முதலில் கடித்துப் பார் என்று மீண்டும் சொல்லித் தந்தாரா என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். இரண்டில் எதுவானாலும் நான் கடனாளிதான்.

அந்தப் பத்திரிகையின் கமத்தொழிற் பக்கம் இப்போது வருவதில்லை. அதை வாசித்தவர்களிற் பலர் இவ்வுலகில் இல்லை. ஏனையோர் பல நாடுகளில் சிதறியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் அவர்களில் எவருடைய கண்ணிலாவது படக்கூடும். ஆகவே, எனக்குப் பழக்கமான அந்தச் சிறிய பெட்டியின் மொழியிலேயே எழுதி முடிக்கிறேன்.

திருத்தம்: 1978 ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் கமத்தொழிற் பக்கத்தில் வெளியான கட்டுரையில், நிறம் மாறிய முந்திரிகைக் குலைகளை வெட்டி வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கலாம் எனக் குறிப்பிடப்பட்டிருந்தது. அது தவறு. முந்திரிகை கொடியில் மட்டுமே பழுக்கும். நுனிப் பழம் இனித்து, விதை கபில நிறமான பின்னரே வெட்டுதல் வேண்டும். விசாரியாமல் எழுதியவன் நான். அதை நம்பி நட்டமடைந்த அனைவரிடமும், முதலாவதாக என் அம்மானிடமும், வருத்தம் தெரிவிக்கிறேன்.